போனில் கவ்வும் மேக்ரோ லென்ஸ்: வளவுச் சிலந்திகளை இனங்காண உதவுமா?

யாழ்ப்பாண நகரத்தில் போன் சாமான் விற்கிற கடைகளில் சின்னப் பெட்டிகளில் தொங்கும் சாமான் இது. உடுப்புக் கிளிப்பைப் போல ஒரு கவ்வி, அதன் நுனியில் ஒரு வட்டக் கண்ணாடி. பெட்டியில் "வைட் + மேக்ரோ" என்றும், 12.5 மடங்கு அல்லது 15 மடங்கு என்றும் அச்சடித்திருக்கும். மேக்ரோ என்றால் மிகக் கிட்டப் போய்ப் பெரிதாகக் காட்டுவது. கம்பனிப் பெயர்கள் எத்தனையோ, உள்ளே இருக்கிற அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே இந்த மதிப்பீடு ஒரு பெயருக்கு அல்ல, அந்த வகைக்கு. அதையும் ஒரே ஒரு வேலைக்காகவே பார்க்கிறோம்: வீட்டுச் சுவரிலும் கிணற்றடியிலும் வேலியிலும் இருக்கிற சிலந்தி எது என்று கண்டுகொள்ள.

முடிவை முதலே சொல்லிவிடலாம். வாங்கலாம், ஆனால் நிறம் பார்ப்பதற்காக வாங்க வேண்டாம். நிறம் வெறுங்கண்ணுக்கே தெரியும், சிலந்தியில் ஆளை அதிகம் ஏமாற்றுவதும் நிறந்தான். தோல் கழற்றிய அன்று கறுப்புச் சிலந்தி வெளிறிக் கிடக்கும். ஆணும் பெண்ணும் இரண்டு வேறு சிலந்திகள் போலத் தோன்றும். பூவில் பதுங்கும் நண்டுச் சிலந்திகளில் சில, பூவுக்கு ஏற்றபடி வெள்ளையிலிருந்து மஞ்சளுக்குச் சில நாட்களில் மாறும். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் சாம்பல் நிறச் சிலந்தியும் கபிலமாகும். லென்ஸ் காட்டித்தருவது நிறத்துக்கு அடுத்தபடியாக இருக்கிறவற்றை: கண்கள் எத்தனை, எப்படி அடுக்கியிருக்கின்றன, வயிற்றின் அடியில் என்ன குறி, காலில் முள் உண்டா, கோடு முகத்திலிருந்து தொடங்குகிறதா முதுகிலிருந்தா. இவை தெரிந்தால் நிறமும் பயன்படும்.

வாங்கிய பலர் "எல்லாம் மங்கல்" என்று சொல்லி மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவதற்குக் காரணம், இது இரண்டு லென்ஸ் ஒன்றின்மேல் ஒன்று திருகிய சாமான் என்பது தெரியாததுதான். முன்னால் இருக்கிற பெரிய கண்ணாடி அகலக் காட்சிக்கு. அதைத் திருகிக் கழற்றினால் அடியில் மிஞ்சுகிற சிறியதுதான் மேக்ரோ. கழற்றாமல் கிட்டப் போனால் எந்தத் தூரத்திலும் தெளியாது.

அடுத்தது தூரம். 12.5 மடங்கு என்று எழுதிய லென்ஸின் குவியத் தூரம் ஏறத்தாழ 20 மில்லிமீற்றர், 15 மடங்கு என்றால் 17 மில்லிமீற்றரளவு. 250 மில்லிமீற்றரை அந்த மடங்கால் பிரித்தால் வருகிற கணக்கு. அதாவது சிலந்திக்கும் கண்ணாடிக்கும் இடையில் இரண்டு சென்ரிமீற்றர்தான் இருக்கலாம். திரையைத் தொட்டுத் தெளிவு தேடிப் பயனில்லை. போனை மெல்ல முன்பின் அசைத்து, தெளிகிற இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு படம் தொடர்ந்து எடுக்க வேண்டும். தெளிவாக விழுகிற ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். கண் தெளிந்தால் வயிறு மங்கும், வயிறு தெளிந்தால் கண் மங்கும். அது லென்ஸின் பழுது அல்ல. ஆகவே கண்ணுக்கு ஒரு படம், முதுகுக்கு ஒரு படம் என்று பிரித்தே எடுக்க வேண்டும்.

இரண்டு மூன்று கமரா உள்ள போன்களில் இன்னொரு தொல்லை. கிட்டக் கொண்டுபோனதும் போன் தானாகவே பக்கத்துக் கமராவுக்கு மாறும், லென்ஸோ முதற் கமராவின் மேல் இருக்கும். திரையில் திடீரென்று கறுப்பு வட்டமோ கவ்வியின் விளிம்போ தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. தானியங்கி மேக்ரோவை நிறுத்தி, 1 மடங்கில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலையும் இருண்டால் லென்ஸ் நடுவில் பொருந்தவில்லை. தடித்த உறையைக் கழற்றிவிட்டுக் கவ்வினால் பெரும்பாலும் சரிவரும். போனிலேயே 2 மெகாபிக்சல் மேக்ரோ கமரா இருக்கிறதே என்று நினைப்பவர்களும் இந்த லென்ஸை வாங்கலாம். அந்தச் சிறு கமராவை விட, முதற் கமராவின் மேல் இதை மாட்டி எடுத்த படத்தில் விவரம் கூட. ஐபோன் 13 ப்ரோ போல 2 சென்ரிமீற்றரில் தானே தெளியும் போன் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது வீண் செலவு.

வெளிச்சம் பாதி வேலை. போனின் பிளாஷ் இந்தத் தூரத்தில் உதவாது. ஒளி ஒரு பக்கம் விழும், லென்ஸின் நிழல் மறுபக்கம் விழும், பளபளப்பான வயிற்றில் வெள்ளைப் பொட்டு எரியும். காலை வெயில் சாய்வாக விழும் விறாந்தை, அல்லது ஒரு பக்கம் ரோச்லைற் வெளிச்சமும் எதிர்ப்பக்கம் மடித்துப் பிடித்த வெள்ளைத் தாளும் போதும். ரோச்சின் முகத்தில் ஒரு ரிசு தாளைச் சுற்றினால் ஒளி மென்மையாகும். வெள்ளி மயிர் உள்ள சிலந்திகளுக்குத் திரையில் வெளிச்சத்தைக் கீழே இறக்கிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் கோடுகளெல்லாம் வெள்ளையில் கரைந்துவிடும். சோளகக் காற்றுக் காலத்தில் வேலியில் இருக்கிற வலையை லென்ஸால் எடுக்க நினைத்தால் விடியற்காலைதான். வெயில் ஏறிக் காற்று எழும்பினால் வலை ஆடும் ஆட்டத்தில் ஒரு படமும் தேறாது.

இனி இந்த லென்ஸ் எங்கே காசுக்குப் பெறுமதி என்று பார்க்கலாம். முதலாவது, விறாந்தைச் சுவரில் துள்ளும் பாயும் சிலந்திகள். ஒரு சென்ரிமீற்றரளவே வரும் இவற்றை எல்லாரும் ஒரே சிலந்தி என்றுதான் நினைப்பார்கள். லென்ஸ் வைத்தால் மூன்றாகப் பிரியும். முகத்தில் காரின் முன்விளக்குகள் போல இரண்டு பெரிய கண்கள் தெரிந்தால் குடும்பம் உறுதி. பிறகு கோடுகளைப் பாருங்கள். கறுப்பு உடம்பில் நடுவே வெள்ளைக் கோடு முகத்திலிருந்து தொடங்கி வயிற்றின் மேலும் ஓடி, இரு ஓரமும் வெள்ளையாக, வயிற்றின் பின்பக்கக் கறுப்பில் இரண்டு வெள்ளைப் பொட்டும் இருந்தால் அது பிளெக்சிப்பஸ் பேக்குல்லி ஆண். அதன் பெண் கபிலச் சாம்பல், நடுக்கோடு மங்கிய மண்நிறம், ஆனால் அந்த இரண்டு வெள்ளைப் பொட்டு பெண்ணிலும் இருக்கும். உடம்பு தட்டையாக, சாம்பல் மயிரோடு, வயிற்றின் நடுவில் வெள்ளைக்குப் பதிலாகக் கருங்கோடு ஓடினால் அது மெனமெரஸ் பைவிற்றாற்றஸ் ஆண். பெண்ணில் கறுப்பு இரு ஓரமாகப் பிரிந்து ஓடி, பின்னால் சேரும். நடுவில் வெள்ளையா கறுப்பா என்ற ஒரே கேள்வியில் இரண்டு ஆணும் பிரிந்துவிடும். மூன்றாவது ஹசாரியஸ் அடன்சோனி. ஆண் கறுப்பு, முகத்தைச் சுற்றிச் செங்கபிலப் பட்டி, வாய்க்கு முன்னால் ஆட்டுகிற சிறு கைகளில் வெள்ளை, வயிற்றின் முன்விளிம்பில் வெள்ளைப் பிறை. பெண்ணில் இதொன்றும் இல்லை, வெறும் கபிலம். பெண்ணை மட்டும் கண்டவர் பெயர் சொல்லத் தயங்குவதில் பிழையே இல்லை.

இவை லென்ஸுக்குப் பயப்படாது. மாறாக, கண்ணாடியில் தன் நிழலைக் கண்டு அதன்மேலேயே பாய்ந்து ஏறும். விரலால் தட்டாமல் ஒரு தாள் நுனியைக் கொடுத்தால் இறங்கிவிடும்.

மாமரத்தில் முசுறு இருக்கிற வளவு என்றால் லென்ஸோடு ஒரு காலைப்பொழுதைக் கட்டாயம் அங்கே செலவழியுங்கள். முசுறுக் கூட்டத்தில் அதே செம்மஞ்சள் நிறத்தில், அதே மெலிந்த இடுப்போடு நடக்கும் ஒன்று சிலந்தி: மிர்மாபிளாற்றா பிளாற்றாலியோயிடஸ். நிறத்தை நம்பினால் கடைசிவரை பிடிபடாது. கால்களை எண்ணுங்கள். முசுறுக்கு ஆறு காலும் முழங்கை போல மடிந்த இரண்டு உணர்கொம்பும். சிலந்திக்கு எட்டுக் கால், அதில் முன்காலிரண்டையும் கொம்பு போலத் தூக்கிப் பிடித்திருக்கும். தலையின் பக்கத்தில் எறும்பின் கண் மாதிரிக் கரும்பொட்டு இருந்தாலும், முன்னால் பார்த்தால் பாயும் சிலந்தியின் அதே இரண்டு பெரிய கண்கள். ஆணின் தாடைகள் நீண்டு, இன்னொரு எறும்பைக் கவ்விக்கொண்டு போவது போலத் தெரியும். தூண்டினால் நூல் விட்டுக் கீழே தொங்கும், முசுறு தொங்காது. இந்த ஒன்றைத் தெளிவாகப் படம் பிடிப்பதற்கே லென்ஸின் விலை தீர்ந்துவிடும் என்பது எங்கள் எண்ணம்.

மர அடிகளில் இன்னொரு வேலை. வேம்பு, மா, முருங்கை மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டி, தலைகீழாக இருக்கும் இரட்டைவால் சிலந்தி, ஹெர்சிலியா சாவிக்னி. நிறம் பட்டையின் நிறமேதான், ஆகவே நிறத்தால் தேடவே முடியாது. பின்னால் நீளும் இரண்டு "வால்" உண்மையில் நூல் விடும் உறுப்புகள். லென்ஸில் அவை தெளிந்தால் வேறு ஆதாரம் தேவையில்லை. கிட்டப் போனால் மரத்தைச் சுற்றி மறுபக்கம் ஓடும், ஒருவர் அந்தப் பக்கம் நின்றால் திரும்பி வரும்.

வீட்டு முகட்டில் ஒட்டறை கட்டுகிற மெல்லிய நீள்காலிகளில் லென்ஸ் ஒரு சிறு வேலைதான் செய்யும். தொட்டதும் உடம்பைக் கிறுகிறுவென்று ஆட்டுவதிலேயே குடும்பம் தெரியும். வயிற்றின் பின் உச்சியில் கூம்பு மாதிரி ஒரு முனை இருந்தால் குரொசொப்பிறைசா லயோனி. வயிறு உருளையாக, கூம்பு இல்லாமல் இருந்தால் அது வேறு. பெண் முட்டைகளைப் பந்தாக வாயில் கவ்விக்கொண்டு திரியும். இவற்றோடு குழப்பிக்கொள்ளக்கூடியது துப்பும் சிலந்தி. அதுவும் மெல்லிய கால், ஆனால் முன்னுடம்பு பின்பக்கமாக உயர்ந்து மேடாக இருக்கும், கண் எட்டல்ல ஆறு, மூன்று சோடியாக. இந்த ஆறைக் காண லென்ஸ் கட்டாயம் வேண்டும். இரண்டாலும் மனிதருக்குக் கேடில்லை.

குசினிச் சுவரிலும் அலுமாரிப் பின்னாலும் இருந்து எல்லாரையும் திடுக்கிட வைக்கும் பெரிய வேட்டைச் சிலந்திக்கு, ஹெற்றெரோபோடா வெனற்றோரியாவுக்கு, லென்ஸே தேவையில்லை. கால் விரிந்தால் 7 முதல் 12 சென்ரிமீற்றர். வெறும் போன் கமராவில் முப்பது சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து எடுத்தால் வேண்டிய குறிகள் எல்லாம் வரும்: கபில உடம்பு, கண்களுக்குக் கீழே வெளிர்மஞ்சள் பட்டி, காலில் முள் முளைக்கிற இடமெல்லாம் கரும்புள்ளி, நண்டு போலப் பக்கவாட்டில் விரிந்த கால். ஆண் மெலிந்து, கால் இன்னும் நீண்டு, முதுகில் இருண்ட அடையாளத்தோடு இருக்கும். பெண் தன் முட்டைப் பையை ஒரு தட்டையான வெள்ளைக் காசு போல வயிற்றின் அடியில் பிடித்திருக்கும். வலை கட்டாது. கரப்பொத்தானைத் தின்கிற உயிர் இது. தும்புக்கட்டையால் அடிக்கிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வேலியிலும் செடிகளுக்கிடையிலும் வட்ட வலையின் நடுவே தலைகீழாக, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல நிற்பது கையெழுத்துச் சிலந்தி, ஆர்ஜியோப்பி. வயிற்றில் மஞ்சள், வெள்ளை, கபிலப் பட்டைகள் குறுக்காக ஓடும், தலைப்பக்கம் வெள்ளி மயிர். வலையில் கால்களின் நேருக்கு வெள்ளை நூலால் வளைந்து வளைந்து கோடு போட்டிருக்கும். குஞ்சாக இருக்கும்போது அதே சிலந்தி கோட்டுக்குப் பதில் வட்டத் தட்டு ஒன்றைப் பின்னலாம், அதனால் வலைக் குறியை மட்டும் நம்பக்கூடாது. ஆண் மிகச் சிறிது, மங்கிய கபிலம், வலையின் ஓரத்தில் இருக்கும். அதை வேறு இனம் என்று எழுதிவிடுவது வழமையான பிழை. இந்தச் சிலந்திக்கு முதலில் லென்ஸ் இல்லாமல் முழு வலையையும் எடுங்கள், பிறகு முதுகை, பிறகு வலையின் மறுபக்கம் போய் வயிற்றின் அடியை. கடைசியாகத்தான் லென்ஸ். இரண்டு சென்ரிமீற்றருக்கு வந்தால் அது வலையை உதறும், அல்லது கீழே விழுந்துவிடும்.

வயலில் பெரிய கதையில்லை. நெற்பயிரடியில் ஓடும் ஓநாய்ச் சிலந்திகளைக் கண்ணடுக்கில் பிரிக்கலாம்: முன்னால் நான்கு சிறியவை, அதன்மேல் இரண்டு பெரியவை, பின்னால் இரண்டு. முட்டைப் பையைப் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டும், பொரித்த குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டும் திரிவது இவைதான். இரவில் ரோச்சைக் கண்ணருகே பிடித்துப் புல்லைப் பார்த்தால் பச்சைப் பொறிகளாகக் கண்கள் மின்னும். கபிலநிறத் தத்தியைத் தின்பதால் வயலுக்கு இவை வேண்டியவை.

வயிற்றின் அடி பார்க்க வேண்டிய சிலந்திகளுக்கு ஒரு வழி உண்டு. மூடியுள்ள தெளிந்த பிளாஸ்ரிக் பெட்டியால் மூடி, அடியில் தாளைச் செருகி, பெட்டியைத் திருப்பி மூடியால் அடைத்துவிட்டு, அடிப்பக்கத்தின் ஊடாக எடுக்கலாம். பெட்டியின் அடி கீறலில்லாமல் இருக்க வேண்டும். பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்தால் பருமனும் பதிவாகும். பூந்தொட்டி, கதிரை, கல் இவற்றின் அடியில் ஒழுங்கில்லாத கடினமான நூல் வலையும், உருண்டைப் பளபளப்பு வயிறும் கண்டால் இந்தப் பார்வை முக்கியம். அடியில் மணற்கடிகாரம் போன்ற சிவப்பு அல்லது செம்மஞ்சள் குறி இருந்தால் அது விதவைச் சிலந்திக் குடும்பப் பிரிவு. இலங்கையிலும் இந்தப் பிரிவு பதிவாகியிருக்கிறது. கையால் தொடாமல் பெட்டியோடு விட்டுவிடுங்கள். முதுகில் சிவப்பு இருப்பதெல்லாம் இது அல்ல, குறி அடியில்தான் இருக்க வேண்டும்.

லென்ஸைக் கொண்டு போகவே கூடாத இடம் ஒன்று இருக்கிறது: மரப் பொந்திலும், மாரி மழைக்கு வீட்டுக்குள்ளும் வரும் பெரிய மயிர்ச்சிலந்திகள், பொசிலோதீரியா. வடக்கில் மாங்குளம் பக்கம் கண்டெடுத்து 2012 இல் பெயரிட்ட பொசிலோதீரியா ராஜேயி கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரை வரும். இவற்றை இனம் பிரிப்பது கால்களின் அடிப்பக்கப் பட்டைகளாலும் மஞ்சளாலும் என்பதால், அடியைப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். கடித்தால் கடும் வலியோடு தசைப்பிடிப்பும் வரும். ஒரு மீற்றர் தள்ளி நின்று சாதாரண கமராவில் 2 மடங்கு வைத்து எடுத்த படமே போதும். தடித்த கால், உடம்பு முழுக்க மயிர், பின்னால் இரண்டு விரல் போல நீட்டிய நூலுறுப்பு, முதுகில் இலை வடிவக் கோலம் என்பவை வேட்டைச் சிலந்தியிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும். கடிபட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இறுக்கிக் கட்டாமல், கீறாமல், படத்தோடு வைத்தியசாலைக்குப் போங்கள். அடித்துக் கொல்லவும் வேண்டாம். 2019 முதல் இந்தச் சாதி முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

மழை நாட்களில் தோலில் கோடாகக் கொப்புளம் போட்டால் "சிலந்தி எச்சம்" என்பார்கள். பல தடவை அது லைற்றுக்கு வரும் ஒரு சிறு வண்டின் வேலை: செம்மஞ்சளும் கறுப்பும் மாறிமாறி வரும் மெலிந்த உடம்பு, ஆறு கால். லென்ஸில் கால்களை எண்ணினால் சிலந்தியின் மேல் விழுந்த பழி நீங்கும். தோலில் வைத்து நசுக்காமல் ஊதிவிடுங்கள், நசுங்கினால்தான் கொப்புளம்.

எடுத்த படத்தை ஐநெச்சுரலிஸ்ற் செயலியில் ஏற்றலாம், இலவசம். 2008 இல் தொடங்கிய சேவை. மற்றவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவு உறுதியாகும். இயந்திரம் முதலில் தரும் பெயரைச் சிலந்தியில் குடும்பம் வரை நம்பலாம், இனம் வரை அவசரப்பட வேண்டாம். ஒரே பதிவில் முதுகு, முகம், அடி, வலை என நான்கு படம் இருந்தால் பதில் கிடைக்கும் வாய்ப்பு கூட. வீட்டு இடம் தெரியாமலிருக்க இருப்பிடத்தை மறைக்கும் தெரிவைப் போடுங்கள். நல்ல படம் இருந்தும் சில பதிவு இனப்பெயர் இல்லாமலே நிற்கும். பல சிலந்திகளை இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் பிரிக்கலாம், கிளிப் லென்ஸ் அந்த அளவுக்கு எட்டாது.

குறைகளும் உண்டு. விளிம்பில் வானவில் நிறம் கசியும், ஆகவே சிலந்தியைப் படத்தின் நடுவிலேயே வையுங்கள். கவ்வியின் கம்பிச்சுருள் கடற்கரைப் பக்கத்தில் துருப்பிடிக்கும், உள்ளே இருக்கிற றப்பர் காய்ந்து கழன்றுவிடும். செம்பாட்டு மண் தூசி திருகு மறைக்குள் போனால் இரண்டு கண்ணாடியும் பிரியாமல் இறுகும். மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டுத் திருகுங்கள், சேட்டு நுனியால் துடைத்தால் கீறல் விழும். மாரியில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு சிறு ரின்னில் மூடி வைக்கலாம்.

படம் வேண்டாம், பார்த்தால் போதும் என்பவர்கள் நகைத் தொழிலாளர் கண்ணில் வைக்கிற 10 மடங்கு லூப்பை வாங்குவது மேல். 25 மில்லிமீற்றரில் தெளியும், நல்லதென்றால் மூன்று கண்ணாடி ஒட்டியது, விளிம்புவரை சுத்தம். தேவைப்பட்டால் போன் கமராவின் முன்னாலும் பிடிக்கலாம், ஒரு கை அதற்கே போய்விடும் என்பதுதான் சிரமம்.

கடையில் வாங்கும்போது உங்கள் போனிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்கண்ணாடியைக் கழற்றி, காசு நோட்டு ஒன்றின் நுண்ணிய கோடுகள் மேல் இரண்டு சென்ரிமீற்றரில் பிடியுங்கள். நடுவில் மூன்றில் இரண்டு பங்காவது கோடு பிரிந்து தெரிய வேண்டும். போனைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல உலுக்கியும் பாருங்கள், கவ்வி நகர்ந்தால் அடுத்த பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.